கையேட்டில் 37 லிட்டர், பில்லில் 41 லிட்டர்

மாருதி ஸ்விஃப்ட் காரின் கையேட்டில் டேங்க்கின் கொள்ளளவு 37 லிட்டர் என்று இருக்கும். வேகன் ஆருக்கு 32, டாடா நெக்ஸானுக்கு 44, ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 50, இன்னோவா கிரிஸ்டாவுக்கு 55. காரை வாங்கியவர் மனத்தில் இந்த எண் ஒரு பாத்திரத்தின் அளவாகப் பதிந்துவிடுகிறது. ஒருநாள் முள் அடிமட்டத்துக்கு இறங்கியபின் பங்க்கில் நிறுத்தி ‘ஃபுல் பண்ணுங்க’ என்கிறார். கழுத்துவரை நிரப்பி முடிக்கும்போது 37 லிட்டர் கார் 41 லிட்டர் பில்லைக் காட்டுகிறது. மீட்டரில் ஏதோ செய்துவிட்டார்கள் என்று சண்டை தொடங்குகிறது. கைப்பேசியில் எடுத்த பில்லின் படம் மாலைக்குள் பல குழுக்களைச் சுற்றி வந்துவிடுகிறது.

இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை தேவையற்றவை. கையேடு சொல்லும் எண் டேங்க்கின் விளிம்புவரையிலான கன அளவு அல்ல. நாசில் தானாக நிற்கும் மட்டம்வரை, பாதுகாப்பாக நிரப்பத் தகுந்த அளவையே அது குறிக்கிறது. அதற்கு மேல் டேங்க்குக்குள் காலியிடம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. டேங்க்கிலிருந்து வாய்வரை செல்லும் குழாயிலும் ஓரிரு லிட்டர் கொள்ளும். விளிம்புவரை ஊற்றினால் கையேட்டு அளவைவிட 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கக்கூடும் என்று இந்திய வாகன உற்பத்தியாளர்களின் சங்கமான சியாம் விளக்கமளித்திருக்கிறது. 37 லிட்டருக்கு 15 சதவீதம் என்றால் ஐந்தரை லிட்டர். பில்லில் வந்த 41 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

அப்படியானால் அளவில் மோசடியே நடக்காதா? நடக்கலாம். அதைக் கண்டுபிடிக்க டேங்க்கின் எண் உதவாது என்பதே இங்கே சொல்ல வேண்டியது. அதற்கு வேறு கருவி இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் எடையளவுத் துறையின் முத்திரை பெற்ற 5 லிட்டர் அளவைக் கலன் இருக்க வேண்டும். சந்தேகம் உள்ள வாடிக்கையாளர் அதில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர், அதாவது அரை சதவீதம் வரையிலான வேறுபாட்டைச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்ய உறுதியான சான்று கையில் கிடைத்துவிடுகிறது. டேங்க்கின் எண்ணை வைத்துச் செய்யும் புகார் எங்கேயும் நிற்காது.

டேங்க்கின் அளவை நிர்ணயிப்பது வடிவமைப்பாளரின் கணக்கு. ஒருமுறை நிரப்பினால் நானூறு முதல் எழுநூறு கிலோமீட்டர் வரை ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, காரின் மைலேஜால் அதை வகுத்து, கிடைக்கும் இடத்துக்குள் அடக்குகிறார்கள். எடையும் விலையும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று உருவான டாடா நானோவுக்கு முதலில் கொடுக்கப்பட்டது 15 லிட்டர் டேங்க்தான். இன்றைய கார்களில் டேங்க் பெரும்பாலும் பின் இருக்கைக்கு அடியில், பின் அச்சுக்கு முன்னால் அமைகிறது. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினாலும் எளிதில் நசுங்காத இடம் அது. அமெரிக்காவில் ஃபோர்ட் பின்டோ காரில் டேங்க் பின் அச்சுக்கும் பம்பருக்கும் இடையே இருந்தது. மோதல்களில் தீப்பிடித்து உயிர்கள் போயின. 1978-இல் ஏறக்குறைய 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. இடம் பாதுகாப்பானதாக மாறியபோது வடிவமும் மாறியது. பழைய டேங்க்குகள் தகட்டால் செய்த பெட்டிகள். இன்றைய டேங்க் பல அடுக்கு பிளாஸ்டிக்கை ஊதி வார்த்தது. இருக்கையின் வளைவு, புகைக்குழாயின் பாதை, அச்சின் அசைவு ஆகியவற்றுக்கு இடம்விட்டு மேடும் பள்ளமுமாக அது உருவாகிறது. முள் ஏன் சில நேரம் மெதுவாகவும் சில நேரம் வேகமாகவும் இறங்குகிறது என்பதற்கு இந்த ஒழுங்கற்ற வடிவமும் ஒரு காரணம்.

மேலே விடப்படும் இடம்

பெட்ரோல் வெப்பத்தில் நன்றாக விரியும் திரவம். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதன் கன அளவு ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு கூடும். டீசல் சற்றே குறைவாக விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து 30 டிகிரியில் வரும் 40 லிட்டர் பெட்ரோல், சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் 45 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டருக்கு மேல் பெருகிவிடும். விளிம்புவரை நிரம்பிய டேங்க்கில் அந்த அரை லிட்டருக்கு இடமில்லை.

திரவத்தைவிடவும் ஆவிதான் பெரிய சிக்கல். பெட்ரோல் நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அவற்றில் இலேசானவை சாதாரண வெயிலிலேயே கொதிநிலையை எட்டிவிடுகின்றன. ஆகவே திரவத்தின் மேற்பரப்புக்கு மேலே எப்போதும் ஆவி நிற்கும். வெயில் ஏற ஏற அதன் அழுத்தமும் ஏறும். இந்த ஆவியை வெளியே விட்டால் காற்று மாசுபடும், எரிபொருளும் வீணாகும். அதற்காக டேங்க்கின் மேற்பகுதியிலிருந்து ஒரு குழாய் கேனிஸ்டர் எனப்படும் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டி முழுக்க நுண்துளைகள் நிறைந்த கரி. காரை நிறுத்தி வைத்திருக்கும்போது எழும் ஆவியைக் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு வால்வு திறந்து, வெளிக்காற்று கரிக்குள் நுழைந்து, பிடிபட்ட ஆவியை எஞ்சினுக்கு இழுத்துச் செல்லும். வீணாகியிருக்க வேண்டிய ஆவி இப்படி எரிந்து பயன்படுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி புகைக்குழாயிலிருந்து வருவதற்கு மட்டுமல்லாமல், இப்படி ஆவியாகக் கசிவதற்கும் கடுமையான வரம்பு உண்டு.

இந்த ஏற்பாடு ஆவிக்கானது, திரவத்துக்கானது அல்ல. நாசில் நின்ற பிறகும் விட்டுவிட்டு அழுத்தி நிரப்பினால் திரவ பெட்ரோல் ஆவிக் குழாய்க்குள் ஏறிக் கேனிஸ்டரை நனைக்கக்கூடும். திரவத்தில் ஊறிய கரி ஆவியைப் பிடிக்கும் திறனை இழக்கிறது. பிறகு எஞ்சின் தடுமாறலாம், பெட்ரோல் வாடை அடிக்கலாம், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியலாம். நூறு ரூபாய்க்கும் குறைவான பெட்ரோலைக் கூடுதலாகத் திணித்ததன் விலை, ஆயிரக்கணக்கில் வரும் பழுதுச் செலவு.

நாசில் தானாக நிற்பது மின்னணு வித்தை அன்று; சுத்தமான இயந்திரவியல். நாசிலின் நுனிக்கு அருகே சிறிய துளை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கைப்பிடிக்குள் ஓடுகிறது. பெட்ரோல் குறுகலான பாதை வழியே வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. இத்தாலிய இயற்பியலாளர் ஜொவான்னி பத்திஸ்தா வென்டூரி 1797-இல் எழுதி விளக்கிய விளைவு இது. குறைந்த அழுத்தம் அந்தத் துளை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேங்க் நிறைந்து பெட்ரோல் துளையை மூடியதும் காற்று வருவது நிற்கிறது. கைப்பிடிக்குள் வெற்றிடம் உருவாகி, ஒரு சவ்வை இழுக்கிறது. சவ்வு நெம்புகோலின் பிடியை விடுவிக்கிறது. ‘டக்’ என்று சத்தம் கேட்கிறது. மின்சாரமே தேவைப்படாத இந்த ஏற்பாடு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை பிசகாமல் இயங்குகிறது.

துளையை மூடுவது பெட்ரோல் மட்டம்தான் என்று இல்லை. நுரையும் தெறிப்பும்கூட அதை மூடலாம். டீசல் அதிகமாக நுரைக்கும். நாசிலைச் சாய்வாகச் செருகினாலோ மிக வேகமாகப் பாய்ச்சினாலோ டேங்க் நிறையும் முன்பே நின்றுவிடும். பாதி நிரம்பிய நிலையில் நின்றால், வேகத்தைக் குறைத்துத் தொடர்வதில் தவறில்லை. எதிர்பார்த்த அளவை ஒட்டி நின்றிருந்தால் அதுவே முடிவு.

பங்க்கில் அடுத்து வரும் கேள்வி எல்லாருக்கும் தெரிந்தது: ‘ரவுண்டா போட்டுடவா சார்?’ 2,963 ரூபாயில் நின்ற மீட்டரை 3,000 ஆக்குவதற்கான கேள்வி அது. சில்லறை தேடிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கைப்பேசியில் பைசாவரை துல்லியமாகச் செலுத்தும் இந்தக் காலத்தில் ‘வேண்டாம், அப்படியே எடுத்துக்கோங்க’ என்பதே சரியான பதில். கேனிஸ்டரைக் காப்பது இதன் ஒரு பயன். இன்னொன்றும் இருக்கிறது. பெட்ரோலில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்க அனுமதி உண்டு. வாய்வரை நிரப்பும்போது தெறிப்பதும் வழிவதும் ஆவியாகி, எட்டு மணி நேரம் அங்கேயே நிற்கும் ஊழியரின் நுரையீரலுக்குத்தான் முதலில் போகிறது. வாடிக்கையாளர் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவார். ஊழியர் நாள் முழுக்க அந்தக் காற்றையே சுவாசிக்கிறார்.

வழிந்த பெட்ரோல் தீ ஆபத்தும்கூட. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கலைந்து மேலே போகாமல் தரையை ஒட்டித் தவழும். மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும் திரவம் அது. டீசலுக்கு அந்த வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. இன்னொரு கணக்கும் எச்சரிக்கையாக இருக்கக் காரணம் தருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நிமிடத்துக்கு 35 லிட்டர் வேகத்தில் நிரப்பும்போது அந்தச் சிறு குழாய் வழியே பாயும் ஆற்றலின் வீதம் ஏறக்குறைய 19 மெகாவாட். எஞ்சினை அணைக்கச் சொல்வதும், புகைக்கக் கூடாது என்பதும் வெறும் சம்பிரதாயம் அல்ல.

முள்ளும் மிச்சமும்

டேங்க்கின் மேல்பக்கத்தில் காலியிடம் விட்டதைப் போலவே அடியில் ஒரு மிச்சம் விடப்பட்டிருக்கிறது. டேங்க்குக்குள் ஒரு மிதவை. அதைத் தாங்கும் கம்பியின் மறுமுனை ஒரு மின்தடையின்மீது நகர்கிறது. மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், தடையின் அளவு மாறும், முள் நகரும். இந்த எளிய அமைப்புக்கு இரண்டு குறைகள் உண்டு. டேங்க் மேடுபள்ளமாக இருப்பதால் மட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் எத்தனை லிட்டர் குறைந்தது என்பது இடத்துக்கு இடம் மாறும். அடுத்து, வளைவிலும் மேட்டிலும் எரிபொருள் அலையும். தூக்குவாளியில் மோர் கொண்டுபோகும்போது அது அலைவதுபோல டேங்க்குக்குள்ளும் எரிபொருள் ஒரு பக்கமாக ஏறி இறங்கும். அந்த அலைச்சலுக்கெல்லாம் முள் ஆடாதிருக்க, காட்டும் அளவை வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே சரிவில் நிறுத்திய காரின் முள்ளை நம்பக் கூடாது. சமதளத்தில் சில நிமிடம் ஓடிய பிறகு காட்டுவதே நம்பத்தக்கது.

முதலில் அசையாத முள் பிறகு வேகமாக இறங்குவதாகத் தோன்றுவதற்கும் மிதவைதான் காரணம். நிரப்பியவுடன் மிதவை டேங்க்கின் கூரையைத் தொட்டு நிற்கும். அதற்கு மேலே, குழாய்க் கழுத்தில் உள்ள எரிபொருள் தீரும்வரை முள் ‘எஃப்’ எழுத்தை விட்டு அசையாது. முதல் எண்பது கிலோமீட்டருக்கு அசையாத முள் பிறகு விறுவிறுவென இறங்குவதாகப் பட்டாலும், எஞ்சின் குடிப்பது அதே அளவுதான்.

ரிசர்வ் விளக்கு எரிந்தால் தனியாக ஒரு சேமிப்பு டேங்க் திறந்துகொள்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய மோட்டார் சைக்கிள்களில் திருகு ஒன்றைத் திருப்பி ரிசர்வுக்கு மாற்றுவார்கள். அங்கும் தனி டேங்க் கிடையாது. உயரம் குறைந்த இரண்டாவது குழாய் வழியே அடியில் உள்ளதை எடுத்தார்கள். காரில் அதுவும் இல்லை. மிதவை ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே வந்ததும் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். பல கார்களில் அப்போது டேங்க்கின் கொள்ளளவில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து சதவீதம் மிஞ்சியிருக்கும். ஸ்விஃப்ட் அளவுக் காரில் அது நான்கைந்து லிட்டர். நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டராவது போகலாம். போகலாம் என்பது ஒன்று, போவதை வழக்கமாக்குவது வேறொன்று.

காரணம் பம்ப். கார்பரேட்டர் காலத்தில் எரிபொருள் பம்ப் எஞ்சினோடு இணைந்து டேங்க்குக்கு வெளியே இருந்தது. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியக் கார்களில் பரவியபோது, மின்சார பம்ப் டேங்க்குக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. பெட்ரோல் காரில் அது மூன்று நான்கு பார் அழுத்தத்தில் எரிபொருளை இடைவிடாமல் தள்ளுகிறது. சுழலும் மோட்டாரின் சூட்டைத் தணிப்பதும், அதன் உராய்வைக் குறைப்பதும் அதன் வழியாகவும் அதைச் சுற்றியும் ஓடும் பெட்ரோலே. டேங்க் எப்போதும் வற்றும் நிலையில் இருந்தால் பம்ப் சூடாகிறது. அலைச்சலில் எரிபொருளோடு காற்றையும் விழுங்குகிறது. பம்பைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் அமைத்து ஓரளவு எரிபொருளைத் தேக்கிவைக்கிறார்கள். அந்த ஏற்பாடு வளைவுகளின் சில நொடிகளைச் சமாளிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ரிசர்வில் ஏறுவதற்கு அது போதாது. மலைப்பாதைக்குப் புறப்படுமுன் அடிவாரத்தில் அரை டேங்க்காவது இருக்க வேண்டும்.

முழுதும் வற்றி நின்றுபோனால் பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் நேரும் கேடு ஒரே மாதிரி அல்ல. பெட்ரோல் கார் வற்றும் தறுவாயில் எஞ்சின் திணறி, சரியாக எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குள் போகும். அங்கே உள்ள வினையூக்கி மாற்றி அதை எரித்து அளவுக்கு மீறிச் சூடாகலாம். ஓரிரு முறை நடந்தால் தாங்கும். வழக்கமானால் விலையுயர்ந்த அந்தப் பாகம் பாழாகும். டீசல் காரில் விளைவு உடனடியானது. நவீன டீசல் எஞ்சினின் உயர் அழுத்த பம்ப் 1,600 பாரையும் தாண்டிய அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதன் பாகங்களுக்கு உயவு தருவது டீசலேதான். டேங்க் வற்றிக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், கேனில் டீசல் வாங்கி ஊற்றியதும் எஞ்சின் கிளம்பாது. காற்றை வெளியேற்ற வேண்டும். சில கார்களில் கையாலேயே பம்ப் அடித்துச் செய்துவிடலாம். சிலவற்றுக்கு மெக்கானிக் வர வேண்டும்.

டேங்க் வற்றினால் அடியில் உள்ள கசடு பம்புக்குள் போய்விடும் என்று அடிக்கடி சொல்லப்படும் காரணம் மட்டும் அவ்வளவு வலுவானதல்ல. டேங்க் நிறைந்திருக்கும்போதும் பம்ப் அடியிலிருந்துதான் எடுக்கிறது. நடுவில் வடிகட்டியும் இருக்கிறது. துருப்பிடித்த பழைய தகட்டு டேங்க்குகளின் காலத்து அச்சம் அது.

முள்ளின் அருகே இருக்கும் சிறு முக்கோணத்தைப் பலர் பார்த்ததே இல்லை. எரிபொருள் வாய் காரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது சுட்டுகிறது. ஃபோர்ட் நிறுவன வடிவமைப்பாளர் ஜிம் மொய்லன் 1986-இல் தம் மேலாளர்களுக்கு எழுதிய குறிப்பிலிருந்து பிறந்த யோசனை. நிறுவன வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டியவர், மழையில் தவறான பக்கம் நிறுத்தி நனைந்தபின் அதை எழுதினார். 1989-ஆம் ஆண்டு மாடல் கார்களில் முதலில் வந்தது; இன்று உலகின் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. பணம் எதுவும் அதிகம் செலவாகாமல் கோடிக்கணக்கானவர்களுக்கு உதவும் கண்டுபிடிப்புகளில் இதற்கு உயர்ந்த இடம் தர வேண்டும்.

காலையில் போட்டால் லாபமா

குளிர்ந்த காலையில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், அதே லிட்டருக்கு அதிக எரிபொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் உண்டு. அடர்த்தி வெப்பநிலையைப் பொறுத்து மாறும் என்பது உண்மை. ஆனால் பங்க்கின் தொட்டி மண்ணுக்கடியில் புதைந்திருக்கிறது. வெளியே பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வேறுபட்டாலும், அந்த ஆழத்தில் ஒரு நாளுக்குள் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது. ஒரு டிகிரி வேறுபாடு என்றே வைத்துக்கொண்டாலும் 40 லிட்டருக்கு 38 மில்லி லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் நாலு ரூபாய்க்கும் குறைவு. அதற்காக விடியற்காலையில் எழ வேண்டியதில்லை.

காலையில் வேறு ஒரு காரியம் நடக்கிறது, அதைத் தெரிந்துகொள்வதில் பயனுண்டு. பங்க்கில் ஒவ்வொரு நாளும் எரிபொருளின் அடர்த்தியை அளந்து, 15 டிகிரி செல்சியஸுக்குக் கணக்கிட்டுப் பதிவு செய்கிறார்கள். டேங்கர் லாரியோடு வந்த ரசீதில் உள்ள எண்ணிலிருந்து அது கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் கலப்படம் என்ற சந்தேகம் எழுகிறது. வடிகட்டித் தாள் கேட்டு வாங்கி அதில் ஒரு துளி பெட்ரோல் விட்டுப் பார்க்கும் உரிமையும் வாடிக்கையாளருக்கு உண்டு. சுத்தமான பெட்ரோல் கறை விடாமல் ஆவியாகிவிடும்.

100 ரூபாய்க்குப் பதில் 110 ரூபாய்க்கு, 500-க்குப் பதில் 515-க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பதும் பரவலான நம்பிக்கை. ஓடிய எரிபொருளின் அளவைக் கணக்கிடும் கருவி ரூபாயின் வட்ட எண்ணைப் பார்ப்பதில்லை. பயனுள்ள காவல் எளியது: தொடங்குமுன் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது, இடையில் பேச்சுக் கொடுத்தாலும் கண்ணை எடுக்காமல் இருப்பது.

அரை டேங்க்குக்கு மேல் போட்டால் எடை கூடி மைலேஜ் குறையும் என்பவர்களும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. 40 லிட்டர் டேங்க்கில் பாதிக்கும் முழுதுக்கும் உள்ள வேறுபாடு 15 கிலோ. 45 கிலோ கூடினால் மைலேஜ் சுமார் ஒரு சதவீதம் குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படிப் பார்த்தால் 15 கிலோவின் விளைவு லிட்டருக்கு ஐம்பது மீட்டர். டிக்கியில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் பொருள்களை இறக்கி வைப்பது இதைவிடப் பலன் தரும். அடிக்கடி நிரப்பப் பங்க்குக்குச் சுற்றிப் போவதிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும்.

எத்தனால் கலப்பு இவற்றைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில், 10 சதவீதக் கலப்புக்கு ஒத்திசைக்கப்பட்ட பழைய கார்களின் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. டேங்க்கின் லிட்டர் மாறவில்லை. அதைக் கொண்டு போகும் தூரம் சுருங்குகிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்வதும் கவனிக்க வேண்டியது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் எடுக்கும் இடமும் அடிதான். அன்றாடம் ஓடும் காருக்கு இதில் கவலை இல்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கார், அதிலும் கடற்கரை ஊர்களில் நிற்கும் கார், காற்றுக்கு இடம் குறைவாக இருக்கும்படி நன்கு நிரப்பி, மூடியை இறுக்கி வைக்கப்பட வேண்டும்.

எப்போது, எவ்வளவு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கடைப்பிடிக்க வேண்டிய எல்லைகள் இரண்டு. கீழ் எல்லை கால் டேங்க்; முள் அங்கே வரும்போது நிரப்பிவிடுவது நல்லது. மேல் எல்லை நாசிலின் முதல் ‘டக்’. இடைப்பட்ட பகுதியில் ஐந்நூறு ரூபாய்க்குப் போடுவதா, முழுதாக நிரப்புவதா என்பது கைப்பணத்தையும் வசதியையும் பொறுத்தது. எஞ்சினுக்கு இரண்டும் ஒன்றே.

முழுதாக நிரப்புவதில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரே நன்மை, மைலேஜைச் சரியாக அளக்கலாம் என்பது. முதல் ‘டக்’ வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். மறுமுறை முடிந்தால் அதே பங்க்கில், மீண்டும் முதல் ‘டக்’ வரை நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஏறிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் மைலேஜ். 420 கிலோமீட்டர் ஓடி 24 லிட்டர் ஏறியிருந்தால் லிட்டருக்குப் பதினேழரை. நாசில் நிற்கும் மட்டம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். ஒரு லிட்டர் பிசகினால் 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் கணக்கே தலைகீழாகும். 420 கிலோமீட்டரில் பிழை ஏறக்குறைய நாலு சதவீதம்தான். மூன்று நான்கு முறை தொடர்ந்து அளந்து சராசரி எடுத்தால், டேஷ்போர்டு காட்டும் எண்ணைவிட அது நம்பகமானது.

தவறான எரிபொருள் ஏறிவிடுவதும் அரிதல்ல. டீசல் நாசில் பெட்ரோல் நாசிலைவிடப் பருமனாக இருப்பதால் பெட்ரோல் காரின் குறுகிய வாய்க்குள் பொதுவாக நுழையாது. பெட்ரோல் நாசில் டீசல் காரின் வாய்க்குள் தடையின்றி நுழையும். ஆபத்து அதிகமானதும் இந்தத் தவறே. பெட்ரோல் கலந்த டீசல் உயவு தராமல் உயர் அழுத்த பம்பை அரித்துவிடும். தெரிந்தவுடன் செய்ய வேண்டியது, சாவியைத் தொடாமல் இருப்பது. சாவியைத் திருப்பினாலே பல கார்களில் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். காரைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்க்கை வடித்த பிறகே கிளப்ப வேண்டும்.

நிரப்பும் பழக்கம் தனிமனிதரோடு முடிவதில்லை. பத்தாயிரம் கார்கள் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடி 2 லிட்டர் செலவழித்தால், ஊருக்கு ஒரு நாள் தேவை 20,000 லிட்டர். ஒரு டேங்கர் லாரி போதும். எல்லா டேங்க்கும் சராசரியாகப் பாதி நிரம்பியிருக்கும்போது, பெட்ரோல் தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு வதந்தி கிளம்புகிறது. எல்லாரும் அன்றே முழுதாக நிரப்ப வந்தால் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 2 லட்சம் லிட்டர் வேண்டும். பத்து நாள் சரக்கை ஊர் ஒரே நாளில் கேட்கிறது. யாரும் ஒரு கிலோமீட்டர் கூட அதிகமாக ஓட்டவில்லை. இருந்தும் பங்க்குகள் வற்றிவிடுகின்றன. வதந்தி தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் லாரி ஓட்டுநர்களின் போராட்டத்தின்போது வட மாநிலங்களிலும் ஐதராபாத்திலும் பங்க்குகள்முன் நீண்ட வரிசைகளில் நடந்தது இதுதான். 1979 எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்காவின் சில மாநிலங்கள் குறைந்தபட்சம் இவ்வளவு தொகைக்காவது போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தன. முக்கால் டேங்க் உள்ளவர்கள் வரிசையில் நிற்பதைத் தடுக்கவே அந்த விதி.

இலங்கையில் 2022-இல் வந்தது வதந்தி அல்ல, உண்மையான பற்றாக்குறை. அந்நியச் செலாவணி தீர்ந்து எண்ணெய்க் கப்பலுக்குக் கட்டப் பணமில்லாமல், அத்தியாவசியமற்ற வாகனங்களுக்கு விற்பனையே நிறுத்தப்பட்டது. வரிசையில் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். ஜூலையில் கியூஆர் குறியீட்டோடு தேசிய எரிபொருள் அட்டை வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று பங்கிட்டார்கள். டேங்க்கின் கொள்ளளவு எவ்வளவாக இருந்தாலும் கிடைப்பது அவ்வளவே என்று ஆனபின் வரிசைகள் குறைந்தன. நிரப்பி வைத்துக்கொள்ளும் ஆசைக்கு இடமில்லாமல் போனதுதான் அதற்கு முக்கியக் காரணம்.

தட்டுப்பாடு என்ற செய்தி வரும் நாளில், டேங்க் பாதிக்கு மேல் இருப்பவர்கள் தயவுசெய்து பங்க்குக்குப் போகாமல் இருக்க வேண்டும். அந்த 20 லிட்டர் அன்று ஓர் ஆம்புலன்சுக்கோ, ரிசர்வில் வந்து நிற்கும் ஓர் ஆட்டோவுக்கோ வேண்டியிருக்கும்.